நிலா ஏன் கூடவே வருது?
(இணையப் பக்கத்தில் பாரலாக்ஸ் – ஓர் எளிய விளக்கம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. அதனால் லேபில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் எழுதலாம் என்று முடிவு செய்தேன். கேள்வி இதுதான்: "அந்த வெப்சைட்ல கீழே தள்ளத் தள்ள எழுத்து வேகமாப் போகுது, பின்னாடி இருக்கிற மலை மட்டும் மெதுவாப் போகுதே, அது எப்படிடா?"

அதற்குப் பெயர் பாரலாக்ஸ் ஸ்க்ரோலிங். ஜாவாஸ்கிரிப்ட்டில் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும், நீங்களும் செய்துவிடலாம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் இதோடு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் இருப்பது பள்ளிக்கூடத்துப் பெருக்கல் கணக்குதான்.

பஸ் ஜன்னல் சொல்லும் பாடம்

ஓடும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். ரோட்டோரப் புளிய மரங்கள் சரசரவென்று பின்னால் ஓடும். வயல் நடுவில் இருக்கும் பம்ப்செட் ரூம் கொஞ்சம் நிதானமாகப் போகும். தூரத்து மலை நகர்வதே தெரியாது. நிலாவோ நம் கூடவே வரும்! சின்ன வயதில் 'நிலா என்னைத்தான் தொடர்ந்து வருது' என்று நினைக்காதவர் யார்?

உண்மையில் மரமும் ஓடவில்லை, நிலாவும் தொடரவில்லை. நகர்வது நாம். நாம் இடம் மாறும்போது பக்கத்தில் உள்ள பொருளைப் பார்க்கும் கோணம் நிறைய மாறுகிறது. தூரத்தில் உள்ள பொருளைப் பார்க்கும் கோணம் கொஞ்சமாக மாறுகிறது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நம் மூளை 'இது கிட்டே, அது தூரம்' என்று கணக்குப் போடுகிறது. இதை நம் பாடப்புத்தகம் 'இடமாறு தோற்றம்' என்று சொல்கிறது. எலக்ட்ரிக்கல் லேபில் மீட்டர் முள்ளைச் சாய்வாகப் பார்த்தால் ரீடிங் தப்பாக வருகிறதே, அதுவும் இதே விஷயம்தான். சில மீட்டர்களில் முள்ளுக்கு அடியில் கண்ணாடிப் பட்டை வைத்திருப்பதும் இதற்காகத்தான். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரிந்தால் நாம் நேராகப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

என் அப்பா லாரி டிரைவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். 'நீ என்னதான்டா படிக்கிற?' என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு விளக்கத் தெரியாமல் முழிப்பேன். பாரலாக்ஸை மட்டும் ஒரே நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். "கிட்டத்து மைல்கல் பறக்கும், தூரத்து டவர் நிக்கும். அதை வெச்சுத்தானடா நாங்க தூரம் பாக்குறோம். இதுக்கு ஒரு பேரு வேற வெச்சிருக்காங்களா?" என்று சிரித்தார்.

நட்சத்திரத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை

இந்தச் சின்ன விஷயத்தை வைத்து மனிதர்கள் என்னென்ன சாதித்திருக்கிறார்கள் தெரியுமா?

ஜெர்மானிய வானியல் அறிஞர் பெஸ்ஸல், 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் இடமாறு தோற்றத்தை அளந்து, அதன் தூரத்தை 1838-இல் வெளியிட்டார். பூமி சூரியனைச் சுற்றும்போது நாமும் இடம் மாறுகிறோம் அல்லவா? பூமிதான் அவருடைய பஸ்! அந்த நட்சத்திரம் சுமார் 11 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

அடுத்து சினிமாக்காரர்கள். லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்மணி, 1926-இல் வெளிவந்த நிழலுருவப் படத்திலேயே கண்ணாடித் தட்டுகளை அடுக்கிப் படம் பிடித்தார். வால்ட் டிஸ்னி நிறுவனம் இதைப் பெரிய இயந்திரமாகவே செய்தது. மரம் ஒரு கண்ணாடியில், வீடு ஒன்றில், வானம் ஒன்றில் என்று வரைந்து, மேலிருந்து கேமரா பார்க்க, ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்த்தினார்கள். 1937-இல் வந்த 'தி ஓல்ட் மில்' என்ற குறும்படத்தில் இதைப் பார்க்கலாம். பிறகு வீடியோ கேம். ஜப்பானின் ஐரெம் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட 'மூன் பேட்ரோல்' விளையாட்டில் மலைகள் தனி வேகத்தில் நகர்ந்தன.

இணையத்துக்கு இது வர ஜாவாஸ்கிரிப்ட் தேவைப்பட்டது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதை 1995-இல் உருவாக்கினார். 2011, 2012 வாக்கில் பாரலாக்ஸ் ஒரு பெரிய மோகமாகவே ஆனது. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 'ஸ்னோ ஃபால்' என்ற கட்டுரையை வெளியிட்டது. பனிச்சரிவில் சிக்கியவர்களின் கதை அது. வாசகர் கீழே தள்ளத் தள்ளப் படமும் வரைபடமும் உயிர் பெற்றன. அதற்கு 2013-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்து எல்லோருக்கும் 'நாமும் செய்யலாமே' என்ற ஆசை வந்துவிட்டது.

இனி கணக்கு

பக்கத்தை நாம் கீழே தள்ளும்போது அதில் உள்ள எல்லாமே ஒரே வேகத்தில் மேலே போகும். மலையை மட்டும் எப்படி மெதுவாக்குவது? ரொம்பச் சுலபம். மலை மேலே போகும்போதே நாம் அதைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஒரு எண் வைத்துக்கொள்வோம். அதை 'தடை எண்' என்று நானாகப் பெயர் வைத்து அழைக்கிறேன்.

இறக்கம் = ஸ்க்ரோல் ஆன பிக்சல் × தடை எண்

பக்கம் 100 பிக்சல் ஸ்க்ரோல் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

• எழுத்து – தடை எண் 0. இறக்கம் இல்லை. 100 பிக்சல் மேலே போகும்.
• மரம் – தடை எண் 0.4. நாம் 40 இறக்குகிறோம். 60 பிக்சல்தான் மேலே போகும்.
• மலை – தடை எண் 0.8. நாம் 80 இறக்குகிறோம். 20 பிக்சல்தான் போகும்.
• நிலா – தடை எண் 1. நாம் 100 இறக்குகிறோம். நின்ற இடத்திலேயே நிற்கும்.

நிலா கூடவே வரும் ரகசியம் புரிந்ததா? தடை எண் மைனஸ் 0.2 என்று கொடுத்தால் அந்தப் பொருள் 120 பிக்சல் ஓடும். நம் மூக்குக்கு முன்னால் இருக்கும் புல்லுக்கு அப்படிக் கொடுக்கலாம்.

செய்முறை

ரெக்கார்டு நோட்டில் எழுதுவது போல அல்காரிதமாகவே தருகிறேன். லேபில் தட்டும்போது ஜாவாஸ்கிரிப்ட் முறைப்படி தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஹெச்.டி.எம்.எல்.லில் ஒரு டிவ் போடுங்கள். அதுதான் நம் மேடை. அதற்குள் வானம், மலை, மரம் என்று மூன்று படங்கள். மலையும் மரமும் பின்புலம் இல்லாத பி.என்.ஜி. அல்லது வெப்-பி படமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். மேடைக்கு பொசிஷன் ரிலேட்டிவ், ஓவர்ஃப்ளோ ஹிடன். படங்களுக்கு பொசிஷன் அப்சல்யூட். ஒவ்வொரு படத்துக்கும் அதன் தடை எண்ணை டேட்டா ஆட்ரிபியூட்டாக அங்கேயே எழுதி வைத்துவிடுங்கள். நாளைக்கு வேகத்தை மாற்ற வேண்டுமானால் புரோகிராமைத் தொட வேண்டியதில்லை.

பிறகு ஜாவாஸ்கிரிப்ட்:

1. பக்கம் திறந்ததும் எல்லா லேயரையும் ஒரு தடவை தேடி எடுத்து வைத்துக்கொள்.
2. 'காத்திருப்பு' என்ற மாறியில் 'இல்லை' என்று வை.
3. ஸ்க்ரோல் நடந்தால்: காத்திருப்பு 'இல்லை' என்று இருந்தால் மட்டும், அதை 'உண்டு' என்று மாற்றி, ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் மூலம் 'நகர்த்து' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்.
4. 'நகர்த்து' ஃபங்ஷனில்: விண்டோவின் ஸ்க்ரோல்-ஒய் மதிப்பை ஒரு தடவை படி. ஒவ்வொரு லேயருக்கும் அந்த மதிப்பைத் தடை எண்ணால் பெருக்கி, டிரான்ஸ்ஃபார்மில் டிரான்ஸ்லேட்-ஒய் ஆகக் கொடு. கடைசியில் காத்திருப்பை 'இல்லை' என்று மாற்று.

அவ்வளவுதாங்க! மேடை பக்கத்தின் நடுவில் இருந்தால் ஸ்க்ரோல் மதிப்பிலிருந்து மேடையின் தொடக்க இடத்தைக் கழித்துவிட்டுப் பெருக்குங்கள். அங்கே படத்தை மேடையைவிட உயரமாக வைக்கவும் வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளைப் பட்டை பல்லைக் காட்டும்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்?

'ஸ்க்ரோல் நடந்ததும் படத்தின் டாப் அளவை மாற்றினால் போதாதா? எதற்கு ஃப்ரேம், டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதிதாக வரையப்படுகிறது. 1000 மில்லிசெகண்டை 60-ஆல் வகுத்தால் சுமார் 16.7. ஒரு ஃப்ரேமுக்கு அவ்வளவு நேரம்தான். 120 தடவை வரையும் திரை என்றால் அதிலும் பாதி. இந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் அந்த ஃப்ரேம் தவறிப்போகும். படம் திக்கித் திக்கி நகரும். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் என்பது, 'அடுத்த தடவை வரையப்போகும் முன் என்னைக் கூப்பிடு' என்று பிரவுசரிடம் சொல்லி வைப்பது. அதனால் ஒரே ஃப்ரேமுக்குள் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டியதில்லை.

பிரவுசர் பக்கத்தைக் காட்டுவதை வீடு கட்டுவதோடு ஒப்பிடலாம். முதலில் கொத்தனார் நூல் பிடித்து எது எங்கே என்று அளக்கிறார், இது லேஅவுட். பிறகு பெயிண்டர் வண்ணம் பூசுகிறார், இது பெயிண்ட். கடைசியில் வரைந்து முடித்த தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் காட்டுவது கம்போசிட். டாப் அளவை மாற்றினால் கொத்தனாரை மறுபடி கூப்பிட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மை மாற்றினால், லேயர் தனித் தட்டாக இருக்கும் பட்சத்தில், தட்டை நகர்த்தினால் போதும். கொத்தனாரும் பெயிண்டரும் ஓய்வெடுக்கலாம்.

இன்னொரு சங்கதி. பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும் வேலையைப் பிரவுசர் பெரும்பாலும் தனி இழையில் செய்கிறது. நம் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது வேறு இழையில். எனவே நம் புரோகிராம் தாமதமானாலும் பக்கம் காத்திருக்காது, போய்விடும். மலை பின்னால் ஓடி வந்து சேரும். அந்த நேரத்தில்தான் மலை நடுங்குவது போலத் தெரிகிறது. இதைத் தவிர்க்க, ஸ்க்ரோலோடு அனிமேஷனை நேரடியாகக் கட்டிவிடும் வசதி சி.எஸ்.எஸ்.ஸிலேயே வந்துவிட்டது. குரோம் 115-ஆம் பதிப்பில், 2023-இல் இது சேர்க்கப்பட்டது. ஆனால் எல்லாப் பிரவுசரின் எல்லாப் பதிப்பிலும் இது ஓடாது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் போன்

இதுவரை 'எப்படி' என்று பார்த்தோம். இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உண்மையான காரணம்.

போன வருடம் ஒரு விண்ணப்பம் போடுவதற்காக ஓர் இணையதளத்தைத் திறந்தேன். பெயர் வேண்டாம். வீட்டில் அப்போது இருந்தது அம்மாவின் போன் ஒன்றுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 2 ஜி.பி. ராம். முகப்பில் மேகம் மிதந்தது, கட்டடம் எழுந்தது, மரங்கள் தனித்தனி வேகத்தில் நகர்ந்தன. விண்ணப்பப் பட்டனோ எல்லாவற்றுக்கும் கீழே. விரலால் தள்ளுகிறேன், பக்கம் அப்படியே உறைந்து நிற்கிறது. மூன்றாவது தடவை பிரவுசரே மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் கடைசித் தேதி.

பக்கத்தில் நின்ற அம்மா, "ஏம்ப்பா, காலையில என் கை பட்டு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, 30 ரூபாய் கொடுத்து, கடை மூடும் முன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். ஆனால் அம்மா கேட்ட கேள்வி மனதில் தங்கிவிட்டது. அழகுக்காக யாரோ வைத்த மேகம் ஓடாததற்கு, நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்த என் அம்மா தன் கையைச் சந்தேகப்பட்டார்கள். அது என்ன நியாயம்?

அந்த போன் ஏன் திணறியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 × 1080 பிக்சல் படம் ஒன்றை ஃபைலாக வைத்தால் 200 கே.பி. இருக்கலாம். ஆனால் திரையில் காட்டும்போது அதை விரித்தாக வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட். பெருக்கினால் 82,94,400 பைட், அதாவது சுமார் 8.3 எம்.பி. நான்கு லேயர் என்றால் 33 எம்.பி. அப்படிப்பட்ட மேடை ஐந்து இருந்தால் 166 எம்.பி.! நம் லேப் கம்ப்யூட்டருக்கு இது ஒன்றுமில்லை. ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் சின்ன போனுக்கு இது மூட்டை மேல் மூட்டை.

அத்தையின் தலைசுற்றல்

எங்கள் அத்தைக்கு பஸ் என்றாலே எலுமிச்சம்பழமும் கவரும் கையில் வேண்டும். காரணம் என்ன? உடம்பு நகர்கிறதா இல்லையா என்பதை மூளைக்குச் சொல்ல இரண்டு சாட்சிகள்: ஒன்று கண், மற்றொன்று காதுக்கு உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. இரண்டு பேரும் வேறு வேறு சாட்சி சொன்னால் தலை சுற்றும், குமட்டும். பஸ்ஸுக்குள் குனிந்து புத்தகம் படித்தால் காது 'நகர்கிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. பாரலாக்ஸ் பக்கத்தில் இது தலைகீழ். உடம்பு நாற்காலியில் இருக்கிறது, கண் மட்டும் 'நகர்கிறோம்' என்கிறது. எல்லோருக்கும் இது தொல்லை தராது. சிலருக்கு மணிக்கணக்கில் தலைவலியே வந்துவிடும்.

2013-இல் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 7-இல் பாரலாக்ஸை முகப்புத் திரையிலேயே வைத்தபோது, தலை சுற்றுகிறது என்று புகார்கள் எழுந்தன. அசைவைக் குறைத்துக்கொள்ளும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் அனிமேஷனை நீக்கும் வசதி உண்டு. அந்த வசதியை ஒருவர் போட்டிருக்கிறாரா என்று நம் இணையப் பக்கமும் தெரிந்துகொள்ள முடியும். 2017-இல் முதலில் சஃபாரி பிரவுசரில் வந்த 'ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்' என்பது அதற்குத்தான். மேட்ச்-மீடியா ஃபங்ஷனில் அதைக் கேளுங்கள். 'ஆம்' என்று பதில் வந்தால் ஸ்க்ரோலைக் கவனிக்கும் வரியையே ஓட்டாமல் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு 'இஃப்' வரி! 2018-இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டி விதிகளின் 2.1 பதிப்பும், இப்படிப்பட்ட அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே சொல்கிறது. அவசியமான அசைவுக்கு மட்டும் விலக்கு.

நான் பின்பற்றும் ஐந்து விதிகள்

1. முதலில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் பக்கத்தைச் செய்யுங்கள். எழுத்தும் பட்டனும் அப்போதே முழுதாக வேலை செய்ய வேண்டும். பாரலாக்ஸ் அதற்கு மேல் போடும் பூமாலை.
2. ஒரு பக்கத்துக்கு ஒரு மேடை, மூன்று லேயர் போதும். சின்னத் திரைக்குச் சின்னப் படத்தையே அனுப்புங்கள்.
3. படிக்க வேண்டிய எழுத்தைத் தனி வேகத்தில் நகர்த்தாதீர்கள். அதன் தடை எண் எப்போதும் 0.
4. 'நகர்த்து' ஃபங்ஷனுக்குள் உயரம், இடம் எதையும் அளக்காதீர்கள். முன்பே அளந்து வைத்துக்கொண்டு, திரை அளவு மாறினால் மட்டும் மறுபடி அளங்கள். நகர்த்தி, அளந்து, நகர்த்தி, அளந்து என்று போனால் கொத்தனாருக்கு ஓயாத வேலை.
5. அசைவு வேண்டாம் என்பவருக்கு அசைவைக் காட்டாதீர்கள்.

எந்தப் பக்கத்துக்கு இது பொருந்தும்? கதை சொல்லும் பக்கம், சுற்றுலாத் தலத்தின் பக்கம், நம் துறை சிம்போசியத்தின் அழைப்பிதழ் – தாராளமாகச் செய்யுங்கள். விண்ணப்பம், ரிசல்ட், கட்டணம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் – இவற்றில் வேண்டவே வேண்டாம். அங்கே வருகிறவர் அழகு பார்க்க வரவில்லை. காரியம் முடிந்தால் போதும் என்று, சில சமயம் பதற்றத்தோடு வருகிறார்.

நண்பர்களே, நம்மில் பலரும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு நாம் வேலைக்குப் போய் இணையதளங்கள் செய்வோம். அங்கே மேசை மேல் இருப்பது விலை உயர்ந்த பெரிய திரையாக இருக்கும். எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடும். 2 ஜி.பி. ராம் உள்ள போனில் ஒரு பக்கம் எப்படித் திணறும் என்பது அந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியுமோ? நமக்குத் தெரியும். அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே மினி ப்ராஜெக்ட்டில் பாரலாக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ்டர்னல் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டிலேயே மிகப் பழைய போன் எதுவோ அதில் ஒரு தடவை திறந்து பாருங்கள். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுத்து, அவர்கள் கையாலேயே தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எதைத் திருத்த வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் லேபில் என்னைப் பிடியுங்கள். கோடு எழுதிய நோட்டும் தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!



– இரண்டாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை